கடப்பாரைக்கு ஒரு கைதட்டல்

‘ஹிடன் ஃபிகர்ஸ்’ (2016) படம் பார்த்தவர்களிடம் பிடித்த காட்சி எது என்று கேட்டுப் பாருங்கள். நாசா அதிகாரியாக வரும் கெவின் காஸ்ட்னர், கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறைப் பலகையைக் கடப்பாரையால் அடித்துப் பெயர்ப்பதைத்தான் கண்கலங்கச் சொல்வார்கள். அந்தக் காட்சியும் கற்பனை, அந்த அதிகாரியும் கற்பனை. படத்தின் நாயகியான நாசா கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் நிஜத்தில் எந்தக் கடப்பாரைக்கும் காத்திருக்கவில்லை. பலகையே இல்லாத பக்கத்துக் கழிப்பறைக்குத் தன்பாட்டுக்குப் போய்வந்தார். 1962இல் விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றக் கிளம்புமுன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை உட்கார்ந்து சரிபார்த்ததும் அவர்தான். ஆனால் கணக்குக்கு யார் விசிலடிப்பார்கள்? கறுப்பினப் பெண் விஞ்ஞானியின் மூளையை நம்ப ரசிகர்கள் தயார்தான்; பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் வியர்த்து விறுவிறுக்க நின்றால் போதும். ராக்கெட் மேலே போனதே கடப்பாரை அடித்த வேகத்தில்தான் போலிருக்கிறது!