ஆறு சதவீத ஊர்

ஜார்ஜ் புல்மன் யாரையும் ஏமாற்றவில்லை. அவரைப் பழிக்க வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சிகாகோவுக்குத் தெற்கே கலுமெட் ஏரியை ஒட்டி ஏறக்குறைய 4,000 ஏக்கர் வாங்கி, 1880இல் தன் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் அதைச் சுற்றித் தன் பெயரிலேயே ஓர் ஊரையும் எழுப்பத் தொடங்கினார். தொழிலாளிக்குத் தர்மம் செய்வதாக அப்போது அவர் சொல்லிக்கொள்ளவில்லை. வீடு, பூங்கா, கடைத்தெரு, நாடக அரங்கு எல்லாம் சேர்ந்து போட்ட முதலுக்கு ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஈட்டித் தர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். நல்ல வீட்டில் இருப்பவன் நல்ல வேலை செய்வான், அழகுக்கும் சுத்தத்துக்கும் உரிய விலையை அவனே கொடுப்பான் என்பது அவர் நம்பிக்கை. அந்தக் கணக்கிலிருந்து அவர் கடைசிவரை இறங்கி வரவே இல்லை. இவ்வளவு உறுதியான முதலாளியை வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஊரை நான் மனமாரப் புகழ்கிறேன். சோலன் பீமன் என்ற கட்டடக் கலைஞருக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. நேதன் பாரெட் என்ற தோட்டக்கலை வல்லுநருடன் சேர்ந்து, ஒரு முழு ஊரையும் ஒரே கையெழுத்தில் எழுதியதுபோல அவர் வரைந்து கொடுத்தார். 1881 புத்தாண்டு நாளில் முதல் குடும்பம் குடியேறியது. அந்நாளில் சிகாகோத் தொழிலாளி இருந்த இடம் மரப்பலகை வீடும் வாசலில் தேங்கிய சாக்கடையும். இங்கே செங்கல் வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர், திருகினால் எரிவாயு விளக்கு, தெருவோரம் மரம், குப்பையை அள்ள ஆள். கழிவுநீரைக்கூட நிலத்தடிக் குழாய் வழியே மூன்று மைல் தள்ளியிருந்த பண்ணைக்கு இறைத்து, எருவாக்கி, காய்கறி விளைத்து விற்றார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைச் செய்து காட்டிய ஊரை எந்த நகரசபையும் வணங்கலாம்.

சாராயக்கடை கிடையாது. ஊரிலேயே மது கிடைக்கும் ஒரே இடம் புல்மனின் மகள் பெயரைத் தாங்கிய ஃபுளோரன்ஸ் ஹோட்டல். அங்கே விற்ற விலைக்குத் தொழிலாளி உள்ளே போக முடியாது. சம்பளப் பணம் குடியில் கரையாமல் வீடு வந்து சேர்ந்தது, எத்தனையோ மனைவிமார் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆர்கேட் என்ற கட்டடத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்களுடன் அருமையான நூலகம் இருந்தது. வருடச் சந்தா மூன்று டாலர்.

தேவாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவிலிருந்து பச்சை நிறக் கல்லை வரவழைத்துக் கட்டியது. சுற்றிலும் சிவப்புச் செங்கல் வரிசைகள், நடுவே பாசி படர்ந்த பாறைபோல இது. இன்றும் படத்தில் பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. எல்லாச் சபைகளுக்கும் பொதுவாக ஒரே கோயில் போதும் என்பது புல்மனின் எண்ணம். கத்தோலிக்கர், மெத்தடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்கள் என்று அவர் வேற்றுமை பார்க்கவில்லை, வாடகை கொடுக்கும் எவரும் வந்து தொழலாம். கட்டி முடித்துச் சில ஆண்டுகள்வரை அந்த வாடகையைக் கொடுக்க எந்தச் சபையாலும் முடியவில்லை. மணிக்கூண்டும் வண்ணக் கண்ணாடிகளும் தயாராக இருந்தும், உள்ளே கூடித் தொழ ஊரில் ஒரு சபை இல்லாமல் கோயில் காத்துக் கிடந்தது. தொழிலாளிக்கு ஒரு கணக்கு, கடவுளுக்கு ஒரு கணக்கு என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டு ஒப்பந்தத்திலும் பாரபட்சம் இல்லை. பத்து நாள் முன்னறிவிப்பு கொடுத்து நிறுவனம் காலி செய்யச் சொல்லலாம், அதே பத்து நாளில் குடியிருப்பவரும் போய்விடலாம். புல்மனில் குடியிருந்தால்தான் வேலை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆள்குறைப்பு வந்தபோது ஊருக்குள் வாடகைக்கு இருந்தவர்களைத்தான் முதலில் வைத்துக்கொண்டார்கள். வீட்டை விலைக்குக் கேட்டவர்களுக்கு மட்டும் இல்லை என்ற ஒரே பதில். ஒருவர் கையில் ஒரு மனை போனாலும் ஊரின் ஒழுங்கு கெடும் என்று அவர் நினைத்தார். ஊரின் அழகு ஒரு மூலைகூடச் சிதையாமல் நின்றதற்கு அது ஒரு காரணம்.

1893இல் அமெரிக்காவில் பொருளாதாரம் நொடித்தது. வேலை கொடுப்பதற்காகவே சில ஒப்பந்தங்களை நட்டத்தில் எடுத்ததாக நிறுவனம் சொன்னது, அதில் உண்மையும் உண்டு. கூலியைச் சராசரியாகக் கால் பங்கு குறைத்தார்கள். வாடகையைத் தொடவில்லை. கூலி கொடுப்பவர் வேறு, வீட்டுக்காரர் வேறு, ஒருவர் கஷ்டத்தில் மற்றவர் தலையிட முடியாது என்பது புல்மனின் நிலை. இரண்டு பேரும் அவரே. அந்த நிதியாண்டில் கூலிக்குப் போன தொகை 72 லட்சம் டாலரிலிருந்து 44 லட்சத்துக்கு இறங்கியது. பங்குதாரர்களுக்குப் போனது 25 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கு ஏறியது. பங்குக்கு எட்டு சதவீதம் என்று சொன்ன சொல்லைப் பஞ்ச காலத்திலும் அவர் காப்பாற்றினார்.

கூலியிலிருந்து வாடகையைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று இல்லினாய்ஸ் சட்டம் சொன்னது. நிறுவனம் சட்டத்தை மீறவில்லை. சம்பள நாளில் தொழிலாளிக்கு இரண்டு காசோலைகள் கொடுத்தது, ஒன்று வாடகைத் தொகைக்கு, இன்னொன்று மிச்சத்துக்கு. வங்கியும் நிறுவனத்தினுடையது. வாடகைக் காசோலையின் பின்னால் கையெழுத்துப் போட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஒருவருக்கு மிஞ்சியது இரண்டு சென்ட். அந்த இரண்டு சென்ட் காசோலையைத் தன் கண்ணால் பார்த்ததாக அவ்வூர் மெத்தடிஸ்ட் போதகர் வில்லியம் கார்வர்டைன் சொல்லியிருக்கிறார். இரண்டு சென்ட்டாக இருந்தாலும் விட்டுவிடாமல், எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, கையெழுத்திட்டு, உரியவரிடம் சேர்த்த அலுவலகம் அது. கணக்குப்பிள்ளை வேலை தெரிந்தவர்கள் அந்தச் சுத்தத்தை மதிப்பார்கள். எனக்கு அந்தக் காசோலையை நினைக்கும்போதெல்லாம் அதை வாங்கிய கை எப்படி நீண்டிருக்கும் என்பதுதான் கண்ணில் வருகிறது.

ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல்காரப் பெண்ணின் கணக்கும் அப்படியே பைசா சுத்தமாக இருந்தது. அவள் தந்தை பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தொழிற்சாலையில் உழைத்து இறந்துபோனவர். அவர் இறந்தபோது 60 டாலர் வாடகை பாக்கி. செத்தவரோடு கடன் போயிற்று என்று நிறுவனம் பேரேட்டை மூடிவிடவில்லை. மகளும் அங்கேதான் தைக்கிறாள் என்பதைக் கவனித்து, அவள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வைத்தது. கூலிக்குறைப்புக்குப் பிறகு சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கொடுத்தது போக மிஞ்சியதிலிருந்து அவள் கட்டினாள். இதை அவளே அரசு விசாரணைக் குழுவின் முன் நின்று சொன்னாள்.

1894 மே 9ஆம் தேதி புல்மன் தொழிலாளர் பிரதிநிதிகளை நேரில் சந்தித்தார். கீழே ஆள் அனுப்பிச் சமாளிக்காமல் தாமே வந்து விளக்கினார், வாடகையும் கூலியும் மாறாது என்றார். மறுநாள் அந்தக் குழுவில் இருந்த மூன்று பேருக்கு வேலை இல்லை. 11ஆம் தேதி வேலைநிறுத்தம். அதன் பிறகு நடந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள். யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் புல்மன் பெட்டிகளைத் தொட மறுத்தது, பாதி நாட்டில் ரயில் நின்றது, ஜனாதிபதி கிளீவ்லண்ட் ராணுவத்தை அனுப்பினார், துப்பாக்கிச் சூட்டிலும் கலவரத்திலும் பலர் செத்தார்கள். இல்லினாய்ஸ் ஆளுநர் ஆல்ட்கெல்ட் ஆகஸ்டில் ஊருக்கு வந்து வீடு வீடாகப் போனார். பட்டினியைப் பார்த்துவிட்டு, வாடகை பாக்கியைத் தள்ளுபடி செய்யும்படி புல்மனுக்கு எழுதினார். புல்மன் தள்ளவில்லை. இனாமாகக் கொடுப்பது தொழிலாளியின் தன்மானத்தைக் கெடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஊரையே கட்டியிருந்தார். ஆளுநரே வந்து கேட்டாலும் கொள்கையை விற்கிறவர் இல்லை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. ரயிலில் அந்தப் பெட்டிகளுக்குள் படுக்கை விரித்து, காலணி துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் கறுப்பினப் பணியாளர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்கு இத்தனை வேலை கொடுத்தவர் அந்நாளில் புல்மனைப்போல் அதிகம் பேர் இல்லை. பயணிகள் அவர்கள் எல்லோரையும் ஜார்ஜ் என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயர். அத்தனை பேருக்கும் தன் பெயரைத் தந்தவரின் ஊரில் அவர்களுக்குக் குடியிருக்க வீடு இல்லை. 1925இல் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள், நிறுவனம் அதனுடன் ஒப்பந்தம் போட 1937 ஆயிற்று.

வேலைநிறுத்தம் முடிந்து இரண்டு ஆண்டில், 1896இல், பிராகில் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் உலகிலேயே குறையற்ற ஊர் என்ற பரிசு புல்மனுக்குக் கிடைத்தது. சாக்கடையும் குடிநீரும் காற்றும் அளந்து பார்த்தால் அது நியாயமான பரிசுதான். மறு ஆண்டு அக்டோபரில் புல்மன் இறந்தார். கிரேஸ்லாந்து கல்லறையில் ஈயம் பதித்த பெட்டியில் வைத்து, அதன் மேல் தண்டவாள இரும்பும் கான்கிரீட்டுமாகப் போட்டு மூடினார்கள். உடலைத் தொழிலாளர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம் குடும்பத்துக்கு. அவர் கட்டிய எல்லாவற்றையும்போல அதுவும் உறுதியான கட்டுமானம்.

ரயில் பெட்டி செய்ய உரிமம் வாங்கிய நிறுவனத்துக்கு ஊர் வைத்துக்கொள்ள அதிகாரம் இல்லை என்று 1898இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வீடுகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின, பல இடங்களில் குடியிருந்தவர்களே வாங்கினார்கள். பீமனின் செங்கல் அத்தனை கைமாறலையும் தாங்கியது. 1960இல் அந்தப் பகுதியை இடித்துத் தொழிற்பேட்டை ஆக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் கூடிச் சங்கம் அமைத்துத் தடுத்தார்கள். பச்சைக்கல் கோயிலும் வரிசை வீடுகளும் இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாக நிற்பது அதனால்தான். அந்த வீடுகளை இடிக்கவிடாமல் காத்தவர்களில் பலர் கையில் வீட்டுப் பத்திரம் இருந்தது.