மடக்கு டிரெட்மில்: ஒரு வினைத்தொகை ஆராய்ச்சி

‘மடக்கு டிரெட்மில்’ என்பது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு வரிசையில் வருவது. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கும் எனப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இது மடக்கிய டிரெட்மில், மடக்குகின்ற டிரெட்மில், மடக்கும் டிரெட்மில். நேற்றும் மடக்கு, இன்றும் மடக்கு, நாளையும் மடக்கு. விரிப்பதற்கு இந்தத் தொடரில் காலமே ஒதுக்கப்படவில்லை. 24,000 ரூபாய் கொடுத்து வாங்கி, 14 மாதம் உடன் வாழ்ந்து நான் கண்டறிந்தது முழுவதும் இந்த ஓர் இலக்கணக் குறிப்பில் அடங்கும். கடைக்குப் போகுமுன் நன்னூலைப் புரட்டியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும்.

இன்னும் இரண்டு குறிப்புகள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. மடக்கு கத்தி என்றுதான் எழுத வேண்டும், இடையில் ‘க்’ போட்டால் வாத்தியார் வெட்டுவார். பட்ஜெட் டிரெட்மில்லின் இரும்புச் சட்டத்திலும் இந்த விதி செவ்வனே பின்பற்றப்பட்டிருக்கிறது. எங்கும் வல்லினம் மிகவில்லை. அடுத்து, டகரம் தமிழில் மொழிமுதலாக வராது. ஆகவே ‘டிரெட்மில்’ என்ற பொருள் இலக்கணப்படி எங்கள் வாசற்படியிலேயே நின்றிருக்க வேண்டியது. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடிக்கு அதைத் தூக்கி வந்த இருவரும் ஏறக்குறைய இதே கருத்தைத்தான் வேறு சொற்களில் சொன்னார்கள்.

இந்த ஆய்வு மடிப்பாக்கத்தில் நடந்தது தற்செயல். மடிப்பு, ஆக்கம் என்று ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்து யாரும் உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம்.

குலமுறை

ஒரே இடத்தில் நடப்பதற்குக் காசு கொடுக்கும் வழக்கம் புதிது. அதற்கு முன்பு இது தண்டனையாக இலவசமாகக் கிடைத்தது. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் இதைச் சிறைகளுக்காக வடிவமைத்தார். பெரிய உருளை, அதைச் சுற்றிப் படிகள். ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே போய்ச் சேர முடியாது. 1821-இல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அமைத்தது மாவு அரைத்தது. பெயரில் ‘மில்’ ஒட்டிக்கொண்டது அப்படித்தான். சில சிறைகளில் உருளையோடு எதையும் பிணைக்கவில்லை, கைதிகள் காற்றை அரைத்தார்கள். ஆஸ்கார் வைல்ட் 1895-இல் பென்டன்வில் சிறையில் இதில் ஏறியிருக்கிறார். 1898-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பின் வழக்கொழிந்தது. கொடுமை என்று கைவிடப்பட்ட ஒன்று தவணைமுறையில் திரும்பி வர அதிக காலம் ஆகவில்லை.

நம்மிடம் இதற்கு முன்னோடி இல்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், எதற்கும் கேட்பார்கள். உண்டு. ஏற்றம். ஒருவர் ஏற்றமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார், கீழே நிற்பவர் நீரைச் சாய்த்து விடுவார், எண்ணிக்கைக்குப் பாட்டு. நாள் முழுக்க நடந்தும் அவர் எங்கும் போனதில்லை, ஆனால் வயலுக்குத் தண்ணீர் போனது. குட்டநாட்டில் சக்கரம் மிதித்து வயல்நீரை வெளியேற்றினார்கள். அங்கும் கால் நின்ற இடத்தில் நிற்க, நெல் விளைந்தது. செக்கையும் இந்தப் பட்டியலில் சேர்க்க நினைத்தேன். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நினைவுக்கு வருகிறது. வேடிக்கையை அங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவக் கிளை பிற்பாடு. 1952-இல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மருத்துவர் ராபர்ட் புரூஸும் வெய்ன் குவின்டனும் இதய நோயாளிகளை நடக்கவிட்டுப் பார்க்க இதை உருவாக்கினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் புரூஸின் முறைதான் நாம் ‘டி.எம்.டி. எடுத்தாச்சா?’ என்று விசாரிக்கும் பரிசோதனை. (வீடு கட்டுபவர் டி.எம்.டி. என்றால் கம்பி. வீடு கட்டி முடித்தவருக்குத்தான் மற்றது.) வீட்டுக்குள் கொண்டுவந்த பழி வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளருக்கு. உடற்பயிற்சி பற்றி மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட புத்தகத்தைப் படித்துவிட்டு, சாதாரணக் குடும்பம் வாங்கும்படி ஒன்றைச் செய்தார். 2012-இல் 96 வயதில் காலமானார். மனிதர் அதை மடக்கவில்லை என்பது என் ஊகம்.

குதிரை இயல்

வாங்கப் போகிறவர் முதலில் சந்திப்பது குதிரை. எங்கள் பெட்டியின் மேல் ‘4 எச்.பி. பீக்’ என்று கொட்டை எழுத்து. ஒரு குதிரைத்திறன் 746 வாட். நான்கு குதிரைக்கு 2,984 வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், வகுத்தால் 13 ஆம்பியர். பெட்டிக்குள் இருந்த வயரின் நுனியில் தொங்கியதோ 6 ஆம்பியர் பிளக். மிக்ஸிக்குப் போடும் அதே பிளக். 6 ஆம்பியரில் தொடர்ந்து எடுக்கக்கூடியது 1,380 வாட், அதாவது ஒன்றே முக்கால் குதிரைக்குச் சற்று மேல். அதுவும் மோட்டார் ஒரு வாட்டைக்கூடச் சூடாக வீணாக்காவிட்டால். மீதி இரண்டு சொச்சம் குதிரை எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது?

கடைக்காரரிடம் கேட்டேன். “பீக்னா உச்சம் சார். ஒரு செகண்ட் போகும், வந்துடும்” என்றார். நேர்மையான பதில். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை. அது குதிரை அல்ல, ‘மண் குதிர்’, மணல் திட்டு என்று திருத்தும் புலவர்கள் உண்டு. அவர்கள் தயவுசெய்து ஒருமுறை டிரெட்மில் வாங்கிப் பார்க்கட்டும். குதிரையே சரியான பாடம் என்று ஒப்புக்கொள்வார்கள்.

பார்க்க வேண்டிய எண் வேறு. ‘தொடர் திறன்’ என்று பெட்டியின் பக்கவாட்டில், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி அச்சிடும் எழுத்தளவில் இருக்கும். பெரும்பாலும் உச்சத்தில் பாதி. நடைக்கு அது போதும். அடுத்து பெல்ட். இந்த விலையில் 40 செ.மீ. அகலம், 110 செ.மீ. நீளம் கிடைக்கும். ஐந்தரை அடி ஆள் நடக்கும்போது ஒரு காலடி எழுபது செ.மீ. அளவில் விழும், இடிக்காது. ஓடினால் எட்டு ஒரு மீட்டரைத் தாண்டும், பெல்ட் போதாது. அதிகபட்ச வேகம் 12 கி.மீ. என்று எழுதியிருப்பதை ஒரு வாழ்த்துச் செய்தியாக எடுத்துக்கொண்டு 5-இல் நடந்தால் முழங்கால் தப்பும். தாங்கும் எடை 100 கிலோ என்றால் 80, 85 கிலோ ஆளுக்கானது என்று படிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் ‘500 பேர் சாப்பிடலாம்’ என்றால் எப்படிப் படிக்கிறோமோ அப்படி.

கலோரி காட்டும் திரையைப் பற்றி ஒரே வரி: நம் எடையைக் கேட்காமலே அது கணக்குச் சொல்கிறது. 70 கிலோ ஆள் 5 கி.மீ. வேகத்தில் அரை மணி நடந்தால் 120 கலோரி அளவில் போகும், ஒரு மெதுவடை அதை வந்து நிரப்பும்.

மனையறம்

இனி மையப் பொருள். கடையில் இதைப் பார்த்ததும் என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “இத எங்க வைக்கப் போறீங்க?” என் பதிலுக்கு முன் விற்பனைப் பையன் ஒரு விரலால் நடைமேடையைத் தூக்கினான், கேஸ் தண்டு மெல்ல உஸ்ஸென்று மீதியைத் தூக்கியது. கிளிக். “மடக்கிட்டா இடமே எடுக்காது மேடம்.” நானும் அதையே இரண்டு முறை சொன்னேன். அவள் பேசவில்லை.

இங்கே ‘மடக்கு’ என்ற சொல்லின் அடுத்த பொருளைக் கவனிக்க வேண்டும். வாதத்தில் எதிராளியை மடக்குவது. மடக்கும் வசதியால் பயன்பெறுவது அறை அல்ல, வாங்கத் துடிப்பவர். அந்தக் கேஸ் தண்டு வாழ்நாளில் தூக்கும் மிகப் பெரிய பாரம் இல்லத்தரசியின் ஆட்சேபணை. அதைக் கடையிலேயே தூக்கி முடித்துவிடுகிறது. தண்டியலங்காரம் பேசும் மடக்கணியும் உண்டு, வந்த சொல்லே வந்து வேறு பொருள் தருவது. அதை நான் பின்னர் அனுபவித்தேன்.

கையேடு மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டரும், பக்கத்துக்கு அரை மீட்டரும் விடச் சொல்கிறது. வழுக்கினால் பின்சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கக் கூடாது, நியாயமான அறிவுரை. மெஷின் ஒன்றரை மீட்டர், ஆக நீளவாட்டில் மூன்றரை. எங்கள் படுக்கையறை பத்துக்குப் பத்து, அதாவது 3.05 மீட்டர். கட்டிலையும் பீரோவையும் தெருவில் போட்டாலும், பாதுகாப்பாக விழ விரும்புபவர் அரை மீட்டர் அளவுக்கு ஹாலில் விழ வேண்டும். கதவுக்கு நேராகப் போட்டு, கதவைத் திறந்து வைத்து, கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டு நடந்தேன். அந்தச் சிவப்புக் கயிற்றுக் கிளிப்பை அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். இழுபட்டால் மெஷினை நிறுத்துவது அது ஒன்றுதான்.

முதல் 19 நாள் தொடர்ந்து நடந்தேன், சில நாள் இரண்டு வேளைகூட. தினசரிக் காலண்டர் தாளைக் கிழிக்குமுன் அதன் முதுகில் நிமிடம் எழுதி வைத்த ஆதாரம் இருக்கிறது. அந்த 19 நாளும் மெஷின் விரித்தபடி கிடந்தது. காலில் இடித்தது, திட்டு வாங்கியது. ஆனால் எழுந்ததும் ஏறி நிற்க முடிந்தது. நான்காம் நாள் கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் நிறுத்தினார். “தினமும் விடிகாலைல மாவு அரைக்கிறீங்களே, கிரைண்டர்ல ஏதோ கோளாறு, பாருங்கோ.” பத்து மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டதும் சத்தம் அடங்கியது. ஆனால் என் தகவலாளிகளில் இந்தப் பொறியின் பூர்வீகத்தை, பெயர் தெரியாமலே, காதால் கண்டுபிடித்தவர் மாமி ஒருவரே.

எண்ணெய் விவகாரமும் அந்த நாட்களில்தான். பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே மாதம் ஒருமுறை சிலிகான் எண்ணெய் விட வேண்டும். கையை உள்ளே விட்டுப் பார்த்து வறண்டிருந்தால் விடலாம். அப்பா தையல் மெஷின் எண்ணெயைச் சிபாரிசு செய்தார், மாமனார் தேங்காய் எண்ணெயை. இரண்டு பக்கத்து மரியாதையையும் காப்பாற்றி, இரண்டையும் விடாமல் இருந்தேன். அவை பெல்ட்டைக் கெடுக்கும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள இடது போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று, அவ்வளவே. முழுச் சுற்று சுற்றினால் வலப்பக்கம் போய், அதைச் சரிசெய்து, மறுபடி இடப்பக்கம் வந்து ஒரு ஞாயிறு கழியும். எனக்குக் கழிந்தது. கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம். அரை மணி நடைக்குக் கால் யூனிட்தான் வரும்.

இருபதாம் நாள் மச்சான் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. மடக்கினோம். உஸ். கிளிக். நான்காம் நாள் அவர்கள் ஊருக்குப் போனார்கள், மெஷின் நின்றபடி நின்றது. விட்ட இடத்தில் முதலில் வந்தது அவர்கள் படுத்த பாய், சுருட்டியபடி. அதன் மேல் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன அரிசிச் சிப்பம். ‘ரெண்டு நாளைக்கு’ என்று இஸ்திரி மேஜை. ஒரு மாதத்துக்குள் ஒரு சூட்கேஸ், பழைய மிக்ஸி, அடுத்த கொலுவுக்கு எடுத்து வைத்த பொம்மைப் பெட்டி. கைப்பிடியில் துண்டு காயப்போட்டதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அது மேலோட்டமான அறிகுறி. துண்டை ஒரு கையால் எடுத்துவிடலாம். சட்டச் சிக்கல் தரைமட்டத்தில் இருக்கிறது. மடக்குவதால் மிச்சமாகும் சில சதுர அடியை வீடு ஒரு வாரம்கூடக் காலியாக வைப்பதில்லை. பிறகு விரிப்பது என்பது கேஸ் தண்டின் வேலை அல்ல, குடியிருப்போரை வெளியேற்றும் வேலை. கோர்ட்டுக்குப் போகாமல் முடியாது.

இதனால் என் பரிந்துரை ஆய்வுலகில் முரணாகத் தோன்றும். மடக்கு டிரெட்மில்லையே வாங்குங்கள். அந்த விலையில் பெரும்பாலும் அதுதான் கிடைக்கும், வீட்டில் அனுமதியும் அதற்குத்தான் கிடைக்கும். வாங்கிய பின் மடக்காதீர்கள். விருந்தாளி வந்தால் அவரையும் நடக்கச் சொல்லுங்கள்.

சென்ற மாதம், 13 மாத இடைவெளிக்குப் பின், ஒரு வெறி வந்தது. அரிசிச் சிப்பத்தைச் சமையலறைக்கும் இஸ்திரி மேஜையைப் பால்கனிக்கும் கடத்தி, கொலுப் பெட்டியைக் கட்டிலில் ஏற்றி, மெஷினை விரித்தேன். ஸ்விட்சைப் போட்டேன். திரையில் சாவி இல்லை என்ற குறி மின்னியது. சிவப்புக் கிளிப்பைக் காணோம். அரை மணி தேடினேன், வியர்த்தது. அந்த ஆண்டின் நல்ல பயிற்சி அதுவே.

அது சாவி என்று பெயர்தானே தவிர உள்ளே இருப்பது ஒரு காந்தம். ஃபிரிட்ஜ் கதவில், இஸ்திரிக்காரர் கணக்குச் சீட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒட்டியிருந்தது. எடுக்கப் போனேன்.

“அத எடுத்தா சீட்டு விழுந்துடும்” என்றாள் மனைவி. “மாமியோட மொட்டைமாடில நடக்கப் போறேன், வர்றீங்களா? இல்ல, பொட்டியெல்லாம் கட்டில்ல இருக்கே, அதுங்கள எங்க வைக்கப் போறீங்க?”