திட்டக் கமிஷனர்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கடல் வழியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளி, பச்சை மலையும் நீலக் கடலுமாக விரிந்து கிடக்கும் எங்கள் அந்தமானில், மனிதக் கண்ணுக்கும் மனத்துக்கும் வேண்டிய விநோதங்கள் அனைத்தையும் வாரி இறைத்த பிரம்மதேவர், ராட்சத ராட்டினமும் நீர்ச்சறுக்கும் செயற்கை அலைக்குளமும் கொண்ட கேளிக்கைப் பூங்கா ஒன்றை வைப்பதற்கு மாத்திரம் மறந்துவிட்டார். மெரினா பார்க்கில் ஊஞ்சல் உண்டு. ராஸ் தீவுக்குப் படகேறினால் கையிலிருப்பதைச் சுவாதீனமாக வாங்கித் தின்னும் மான்கள் உண்டு. ஜனவரியில் சுற்றுலா விழா நடக்கும் வருஷங்களில் ராட்டினமும் வந்து சேர்வதுண்டு. ஆயினும், மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பிய எதிர்வீட்டுப் பையன், "தலைகீழாத் தொங்கிக்கிட்டே போனோம் தெரியுமா!" என்று பள்ளிக்கூட வேனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்று சாயங்காலமே வீட்டில் விண்ணப்பம் தாக்கலாகிவிடும். அந்த விண்ணப்பத்தினின்று உற்பத்தியாகிறவரே நான் இங்கே சித்திரிக்க விரும்பும் மனிதர்.

ஜங்கிலிகாட்டிலும் டெலானிப்பூரிலும் ஹாடோவிலும் தெருவுக்கு ஒருவராக வாசம் செய்யும் இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் திட்டக் கமிஷனர். 1950ஆம் ஆண்டு டில்லியில் தோன்றி, அறுபத்து நான்கு வருஷங்கள் தேசத்துக்காகத் திட்டம் தீட்டிய திட்டக் கமிஷன், 2015 ஜனவரியில் நிதி ஆயோக்குக்கு இடம்விட்டு மறைந்தது என்று சரித்திரம் கூறுகிறது. அதன் ஆவி அழியவில்லை, கப்பலேறி போர்ட் பிளேயர் சர்க்கார் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். (இந்த ஊருக்கு 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்; கப்பல் டிக்கெட் வரிசையில் நிற்பவர்கள் வாயில் அது இன்னும் முழுமையாக ஏறவில்லை.) டில்லித் திட்டங்களுக்காவது 1966 முதல் 1969 வரை விடுமுறை விட்டார்கள். நம்மவருடைய திட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட ஓய்வு கிடையாது.

உத்தியோகத்தில் இவர் ஒரு குமாஸ்தா. ஆகவே எந்த ஆசையையும் கோப்பாக மாற்றினாலன்றி அது ஆசை என்ற அந்தஸ்தை அடைவதில்லை என்பது இவர் சித்தாந்தம். விண்ணப்பம் வந்த அன்றே நீண்ட பேரேடு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் 'பொருள்: குழந்தைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுதல் — சம்பந்தமாக' என்று எழுதிக் கீழே கோடு இழுத்த பின்புதான் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். சம்சாரத்தினிடம் எதையும் வாயால் சொல்லும் வழக்கமே அன்றோடு ஒழிந்தது. குறிப்பு எழுதி அடுக்களை மேடையில் வைப்பார். அந்த அம்மாள் பால் கணக்கு எழுதும் பென்சிலால் ஓரத்தில் 'நேரில் பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவாள்.

இந்த உற்சாகத்தின் மூலத்தை ஆராய்ந்தால், அது குழந்தைகளின் விண்ணப்பத்தைக் காட்டிலும் பழமையானது என்று தெரியவரும். கமிஷனருக்குப் பத்து வயதாயிருந்த 1995ஆம் ஆண்டில்தான், இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னைத் தயாரித்த நவோதயா அப்பச்சன், தாம்பரத்துக்கருகே கிஷ்கிந்தா என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த மாமா பையன், கோடை விடுமுறை முழுவதும் அதையே பேசி இவருடைய பிஞ்சு நெஞ்சைப் புண்படுத்தினான். தகப்பனாரோ, தாம் முன்பு கண்ட வி.ஜி.பி. தங்கக் கடற்கரையில், எவ்வளவு சேஷ்டை செய்தாலும் சிரிக்காமல் நின்ற சிலை மனிதரின் கதையைச் சொல்லியே மகனைத் திருப்தி செய்துவிட முயன்றார். கிஷ்கிந்தா கைகூடாத ஏக்கம் முப்பது வருஷம் உள்ளே கிடந்து, பிற்காலத்தில் பேரேட்டில் மாத்திரம் கசிந்து, 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா பூங்கா திறக்கப்பட்ட செய்தி வந்ததும் பீறிட்டுக்கொண்டு வெளிப்பட்டது. குழந்தைகள் இந்த விவகாரத்தில் ஒரு நிமித்த காரணமே.

பேரேட்டின் முதல் அத்தியாயம் போக்குவரத்து. ஆகாய விமானத்தில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். கப்பலில் சுமார் அறுபது மணி. விமானக் கட்டணம் விடுமுறைக் காலத்தில் விமானத்தைவிட உயரத்தில் பறக்கும். கப்பலிலோ தீவுவாசிக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. ஆனால் கப்பல் எந்தத் தேதியில் புறப்படும் என்பது, புறப்பட்ட பின்னரே நிச்சயமாகச் சொல்லக்கூடிய விஷயம். ஆகவே சர்க்கார் பத்திரிகையான 'டெய்லி டெலிகிராம்ஸி'ல் வரும் கப்பல் செய்திகளைக் கத்தரித்துப் பேரேட்டில் ஒட்டி, 'நன்கௌரி', 'நிக்கோபார்' முதலான கப்பல்களின் குணாதிசயங்களைத் தம் சொந்தத் தங்கைகளின் குணாதிசயங்களைவிட நுட்பமாக அறிந்து வைத்திருந்தார். எது ஹாடோவில் சரக்கு ஏற்றத் தாமதிக்கும், எது பழுது பார்க்கப் போனால் திரும்பி வரச் சுணங்கும் என்றெல்லாம் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சொல்வார்.

இரண்டாவது, எல்.டி.சி. மத்திய சர்க்கார் ஊழியருக்கு நான்கு வருஷத் தொகுதிக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கு வேண்டுமாயினும் குடும்பத்தோடு போய்வர அளிக்கப்படும் இந்தச் சலுகையில், 2022 முதல் 2025 வரையிலான தொகுதியைத் திட்டமிட்டே கழித்துவிட்ட கமிஷனர், அடுத்த ஒரு வருஷம் வரை அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற விதியின் நிழலில் 2026க்குள் பிரவேசித்தார். இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஊர்ப் பிரயாணத்துக்குப் பதிலாக அந்தமானுக்கு ஆகாய மார்க்கமாகப் போய்வரலாம் என்று சர்க்கார் தன் ஊழியர்களுக்குத் தனிச் சலுகை தந்திருக்கிறபடியால், மெயின்லேண்டு உத்தியோகஸ்தர்கள் சாரிசாரியாக இங்கே வந்திறங்கி, நாங்கள் பிறந்தது முதல் பார்த்துச் சலித்த கடலின் முன் பிரமித்து நிற்கிறார்கள். அதே சமயத்தில், அதே சர்க்காரின் பணத்தில், எங்கள் கமிஷனர் அந்தக் கடல் முழுவதையும் தாண்டி, சிமெண்டுத் தொட்டியில் இயந்திரம் எழுப்பும் அலையைப் பார்க்கப் போகிறார்.

மூன்றாவது அத்தியாயந்தான் இவருடைய மேதாவிலாசம் பூரணமாகப் பிரகாசித்த இடம். கேளிக்கைப் பூங்காக்களில் மனிதனை வயதால் அளப்பதில்லை, உயரத்தால் அளக்கிறார்கள். 85 அல்லது 90 சென்டிமீட்டருக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் இல்லை. நெஞ்சைப் பதறவைக்கும் பெரிய ரைடுகளில் ஏறவோ பெரும்பாலும் 140 சென்டிமீட்டர் வேண்டும். கமிஷனருக்கு ஒரு பெண், ஒரு பையன். இருவருக்கும் ஐந்து வயது வித்தியாசம். பையன் இலவச உயரத்தைத் தாண்டுவதற்கு முன்பாகவும், பெண் 140ஐ எட்டிய பிறகும் அமைகிற ஒரு சுபமுகூர்த்தத்தில் பிரயாணம் வைத்துக்கொண்டால் செலவும் குறையும், அனுபவமும் நிறையும் என்று அவர் புத்தியில் உதித்தது. உடனே படுக்கையறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஏறத் தொடங்கின. மாதந்தோறும் முதல் தேதி, சம்பளம் வந்ததும், இரு குழந்தைகளையும் நிலையோடு சார்த்தி நிறுத்தி, தலைமேல் ஸ்கேலை வைத்து அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைப்பார். பெண் குதிகாலை உயர்த்துவாள். பையன் உட்காரப் பார்ப்பான். பேரேட்டில் ஒன்பது பக்கம் இந்தக் கணிதத்துக்கே செலவான பிற்பாடு, அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க, பொண்ணு வளர்ற வரைக்கும் பையன் வளராம இருக்கணும்னா, அவனுக்குச் சோறு போடாமத்தாங்க இருக்கணும்!"

குழந்தைகள் இரண்டு வயதுவாக்கில் 85ஐத் தொட்டுவிடுகின்றன. 140ஐத் தொடப் பத்து வயதாவது ஆகிறது. எட்டு வயது வித்தியாசமுள்ள குழந்தைகளைப் பெற்றவர்களுக்கே லபிக்கக்கூடிய முகூர்த்தம் அது என்பதைக் கமிஷனர் காலதாமதமாக உணர்ந்தார். உணர்ந்தும் அளப்பதை நிறுத்தவில்லை. புள்ளிவிவரம் சேகரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பயனைக் கருதுகிறவனுக்கு அது கிட்டாது.

திட்டத்தைக் கெடுக்கத் தீவின் சுபாவமே போதும். அதோடு உறவினர்களும் சேர்ந்துகொண்டார்கள். மெயின்லேண்டுக்குப் போகிற அந்தமான்காரன் ஒரு காரியத்துக்காகப் போனான் என்று நான் கேள்விப்பட்டதேயில்லை. குலதெய்வத்துக்குப் பையனின் மொட்டை பாக்கி, மாமியாரின் கண்ணுக்குச் சென்னையில் டாக்டர், தி. நகரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேர்த்துத் துணி; ஒன்றுவிட்ட மைத்துனி மகள் கல்யாணம்; பக்கத்து வீட்டம்மாள் எழுதிக் கொடுத்த வெண்கலக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. இவையெல்லாம் இடம் பிடித்துக்கொண்ட பிறகு, 'கேளிக்கைப் பூங்கா — ஐந்து நாள், ஓய்வு உட்பட' என்று முதல் வரைவில் கம்பீரமாக நின்ற வரி, கல்யாணத்துக்கும் கண் டாக்டருக்கும் இடையே ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையாகச் சுருங்கிற்று.

கப்பல் பிரயாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அவோமின் மாத்திரையை எல்லோருக்கும் வேளை தவறாமல் கொடுத்த கமிஷனர், தாம் போட்டுக்கொள்ள மறந்ததால், மூன்று நாளும் பங்க்கில் மல்லாந்து கிடந்தார். குழந்தைகள் மேல்தளத்தில் பறக்கும் மீன்களை எண்ணிக்கொண்டு ஆனந்தமாயிருந்தார்கள்.

குறித்த செவ்வாய் வந்தது. அன்று கமிஷனரைத் தோற்கடித்தது சூரியன். அந்தமானிலும் சென்னையிலும் கடிகாரம் ஒன்றேயெனினும், சூரியன் எங்களிடம் சுமார் ஐம்பது நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிறான். எங்கள் குழந்தைகள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்களல்லர், சூரியனுக்குக் கட்டுப்பட்டவர்கள். நாலரை மணிக்கே இருவரும் எழுந்து, நைலான் உடை தரித்து, பல்லாவரத்துச் சித்தி வீட்டு வாசலில் செருப்போடு நின்றுகொண்டார்கள். பூங்கா திறக்கும் நேரம் வரைக்கும் அவர்களை என்ன செய்வது என்பது பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை. சித்தி தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்து, "ஏண்டா, பூங்காவுக்குப் போறீங்களா, பால் கறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

உள்ளே நுழைந்ததும், பெண்ணைப் பெரிய ரைடின் வாயிலில் நின்ற அளவுகோல் தடுத்தது. கதவு நிலையில் 140ஐத் தாண்டிய பெண், அங்கே இரண்டு சென்டிமீட்டர் குறைந்து நின்றாள். மாதாமாதம் பின்னலை உச்சியில் சுருட்டிக்கொண்டு அவள் அளவுக்கு நின்ற ரகசியம் அப்போதுதான் அம்பலமாயிற்று. கமிஷனர் பேரேட்டைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். காவலுக்கு நின்ற இளைஞன் அதை மரியாதையோடு பார்த்து, "நல்லா வரைஞ்சிருக்கீங்க சார்" என்று சொன்னானேயொழியச் சங்கிலியை அவிழ்க்கவில்லை.

பையனுக்கு மொட்டை போட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தலையில் பூசிய சந்தனத்தைக் குழாயடியில் கழுவிய பிறகே அலைக்குளத்தில் இறங்க விட்டார்கள். சங்கு ஊதியது; அலை எழும்பியது; பட்டணத்துக் குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு துள்ளின. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் நடைபழகிய இந்தப் பையன் மாத்திரம், தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தான். சில நிமிஷத்தில் அலை ஓய்ந்தது. "அப்பா, கடலை யாரு நிறுத்துனா?" என்று அலறிக்கொண்டு கரையேறியவன், மறுபடி சங்கு ஊதும்போதும் இறங்க மறுத்துவிட்டான். நிறுத்தக்கூடிய கடலில் அவனுக்கு நம்பிக்கை உண்டாகவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கமிஷனர் ஒரு பெஞ்சியில் அமர்ந்து, நாலு பை, மாற்றுடை, ஈரத்துண்டு ஆகியவற்றுக்குக் காவலிருந்தார். முன்னொரு காலத்தில் வால்ட் டிஸ்னி என்பவரும், தம் பெண்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தாம் வேர்க்கடலை தின்றபடி பெஞ்சியில் உட்கார்ந்திருந்து, பெற்றோரும் குழந்தைகளோடு சேர்ந்து விளையாட ஓர் இடம் இருந்தாலென்ன என்று யோசித்ததன் விளைவே 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து என்பார்கள். எழுபது வருஷத்துக்குப் பின்னும் தகப்பன்மார் பெஞ்சியில்தான் இருக்கிறார்கள். நம்மவர் அங்கே அமர்ந்து உலகத்துக்கு எதையும் கண்டுபிடித்துத் தரவில்லை. தயிர்சாதத்தின் விலையைப் பேரேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். சம்சாரமோ, நீர்ச்சறுக்கில் ஏழாவது முறையாக மேலேறிக்கொண்டிருந்தாள். திட்டத்தில் அவளுக்கென்று ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கின. திட்டத்தின் சிகரமென்று சிவப்பு மையால் அடிக்கோடிடப்பட்ட நேரம் அது. அப்பொழுது அந்தமான் சூரியன் அஸ்தமித்து வெகு நேரமாகிவிட்டிருந்தபடியால், இரு குழந்தைகளும் தாயின் தோளிலும் தகப்பனின் தோளிலுமாக ஆழ்ந்த நித்திரையில் இருந்தார்கள்.

ஊர் திரும்பிய கமிஷனர் மனம் தளர்ந்திருப்பார் என்று நினைப்பவர்கள் இந்த ஜாதியை அறியாதவர்கள். குழந்தைகள் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது மறுநாள் ஏறிய மின்சார ரயிலைப் பற்றி. ரயிலே இல்லாத தீவில் பிறந்தவர்களுக்கு அது இயல்புதான். இவர் அதைக் காதில் வாங்கவேயில்லை. அபர்டீன் பஜார் டீக்கடையில் நண்பர்கள் சூழ உட்கார்ந்து, திட்டம் தொண்ணூறு சதவிகிதம் நிறைவேறியதாகவும், மிச்சம் அடுத்த 2026–29 தொகுதியில் சரிக்கட்டப்படுமென்றும் அறிக்கை வாசித்தார்.

அன்று ராத்திரியே கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா மகன் போனில் கூப்பிட்டு, பொங்கல் லீவுக்குக் குழந்தைகளோடு அந்தமான் வருவதாகச் சொன்னான். கமிஷனர் துள்ளியெழுந்து பேரேட்டில் புதுப் பக்கம் புரட்டினார். ஜாலிபாய் தீவு மழைக்காலத்தில் மூடியிருக்கும், பொங்கல் சமயத்தில் திறந்திருக்கும். பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஹேவ்லாக்குக்குக் காலைக் கப்பல்தான் உசிதம் என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேண்ணே. மொதல்ல சொல்லுங்க, சின்னவன் உயரம் எவ்வளவு?"

"உயரமா? கடல் பாக்கறதுக்கு உயரம் எதுக்குடா?"

"எதுக்கும் இருக்கட்டும்ணே. செருப்பைக் கழட்டிட்டு அளந்து சொல்லுங்க."