உஷார் மாமா

தெருவுக்குத் தெரு பிள்ளையார் கோயில் உண்டோ இல்லையோ, தெருவுக்கு ஓர் உஷார் மாமா இக்காலத்தில் நிச்சயமாக உண்டு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷன் மாதந்தோறும் தவறாமல் வங்கியில் வந்து விழ, அயல்நாட்டுப் பிள்ளை வாங்கிக் கொடுத்த மடிக்கணினி கூடத்து மேஜைமேல் கொலுவிருக்க, ருஷ்யாவிலும் சீனாவிலும் உள்ள சகல சதிகாரர்களும் தம்முடைய நிரந்தர வைப்புத் தொகை ஒன்றையே குறியாகக் கொண்டு இரவு பகல் கண்விழித்திருக்கிறார்கள் என்ற திடமான விசுவாசத்தோடு ஜீவித்து வரும் பெரியவர் அவர். விடியற்காலையில், காப்பிக்கு முன்பே, வாட்ஸ்அப் குழுக்கள் அத்தனைக்கும் "உஷார்!" என்று ஆரம்பித்து அவர் அனுப்பிவைக்கும் செய்திகளே அவருக்கு இந்தப் பட்டத்தைச் சம்பாதித்துக் கொடுத்தன. அச்செய்திகளில் சரிபாதி உண்மையானவை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். யூபிஐயில் பணம் பெற்றுக்கொள்வதற்கு ரகசிய எண் எதுவும் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை என்ற பேருண்மையை எங்கள் தெரு அவர் மூலமாகத்தான் அறிந்தது. மறுபாதி, "என் படங்களை உபயோகிக்க ஃபேஸ்புக்குக்கு இதன்மூலம் அனுமதி மறுக்கிறேன்" என்று பத்திரப் பதிவு நடையில் பிரகடனம் செய்யும் ரகத்தைச் சேர்ந்தது. கணக்குத் தொடங்கிய அன்றே சம்மதம் என்று பொத்தானை அழுத்திவிட்டவர், பிற்பாடு தம் பக்கத்தில் தாமே எழுதி வைக்கும் பிரகடனத்தால் அந்த ஒப்பந்தம் இம்மியும் மாறாது என்பதை அவரிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் இன்னும் எவருக்கும் வரவில்லை.

அவருடைய பாதுகாப்பு ஏற்பாடுகளில் முதன்மையானது பிளாஸ்திரி. ஃபேஸ்புக் அதிபர் மார்க் ஸக்கர்பெர்க் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு புகைப்படத்தில், மேஜைமேல் இருந்த மடிக்கணினியின் காமிராவும் ஒலிவாங்கியும் ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்ததை உலகம் கண்டுபிடித்து வியந்தது அல்லவா? ஊரார் அந்தரங்கத்தை முதலாகப் போட்டுக் கோடீசுவரனானவனே தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறான் என்றால், அதற்குமேல் வேறு சாட்சியம் வேண்டுமா என்று மாமா அன்றே மருந்துக்கடைக்குப் போய்ப் பிளாஸ்திரி வாங்கி வந்து ஒட்டிவிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளை வீடியோவில் அழைக்கும்போது அதைப் பிய்ப்பதும், பேசி முடித்ததும் மறுபடி ஒட்டுவதுமாக, பசை காமிராக் கண்ணில் படலமாகப் படிந்துபோய், பெற்ற தகப்பனாரின் முகத்தைப் பிள்ளை பனிமூட்டத்துக்குள் மட்டுமே தரிசிக்கக் கூடிய நிலைமை ஏற்பட்டுவிட்டது. "அப்பா, டாக்டரிடம் காட்டுங்கள், வெளுத்துப்போயிருக்கிறீர்கள்" என்று அவன் கவலைப்படுகிறான்.

வீட்டு வைஃபைக்கு மாமா சூட்டியிருக்கும் நாமதேயம் "வைரஸ் உள்ளது". அண்டை அயலார் பயந்து ஒதுங்குவார்கள் என்பது யுக்தி. ஆயினும், விருந்தினர் வந்து உட்கார்ந்த மாத்திரத்தில், தண்ணீர்ச் செம்புக்கு முன்பாக அதன் கடவுச்சொல் வந்து சேர்ந்துவிடும். கேபிள்காரப் பையன், தண்ணீர் கேன் போடுகிறவர், மாடியில் முன்பு குடியிருந்தவரின் மைத்துனர் ஆகிய எல்லோருடைய ஃபோனும் அந்த வாசலைத் தாண்டும்போது கூப்பிடாமலே உள்ளே போய்ச் சேர்ந்துகொள்கின்றன. இந்தச் சொல்லாவது மாமாவே வைத்தது. ரௌட்டர் பெட்டிக்குள்ளேயே நுழைந்து அதன் சட்டதிட்டங்களை மாற்றுவதற்கான சொல்லோ, ஆலையிலிருந்து வந்தபோது இருந்த "அட்மின்" என்பதாகவே இன்றளவும் நீடிக்கிறது. 2016-இல் மிராய் என்ற ஒரு நாசகார நிரல், இப்படி மாற்றப்படாமல் கிடந்த சொற்களைக் கொண்டே உலகமெங்கும் வீட்டுக் காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் திறந்து தன் சேனையில் சேர்த்துக்கொண்டு, அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் ட்விட்டர் முதலிய பெரிய தளங்களையே அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கச் செய்தது. அத்தனைக்கும் அதன் கையில் இருந்தவை அறுபது சொச்சம் பெயர்களும் சொற்களுமே. இந்த விருத்தாந்தத்தையும் மாமா குழுக்களுக்கு அனுப்பினார். பெட்டியை மட்டும் தொடவில்லை. "அது கம்பெனிக்காரன் சமாசாரம், நாம் கை வைக்கக் கூடாது" என்பது சித்தாந்தம்.

கடவுச்சொல் விஷயத்தில் அவர் மகா வைதிகர். மாதம் பிறந்தால் மாற்றியே தீருவார். ஆகஸ்டில் முருகன்8 என்றிருந்தால் செப்டம்பரில் முருகன்9. அக்டோபரில் என்னவாயிருக்கும் என்று ஊகிக்க ருஷ்யாவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, தெருமுனைச் சிறுவன் போதும். அடிக்கடி மாற்றுவதும், நடுநடுவே எண்ணும் குறியும் செருகுவதுமான இந்த ஆசாரங்கள் பரவியதற்குப் பெருங்காரணம், அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த பில் பர் என்பவர் 2003-இல் எழுதிய ஒரு விதிநூல். 2017-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே தன் விதிகளைத் திருத்தி, சொல் நீளமாயிருப்பதே முக்கியம், வெளியே கசிந்தது என்று தெரிந்தாலொழிய மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று கூறிவிட்டது. விதி செய்தவரும், தாம் அன்று எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். ஸ்மிருதிகர்த்தாவே பிராயச்சித்தம் செய்துகொண்ட பிறகும் மாமா விரதத்தை விட்டபாடில்லை. அச்சொற்களை ஒரு பழைய டைரியில் எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறாரே என்று அவருடைய பேரன் நகைக்கிறான். அதில் எனக்குச் சம்மதமில்லை. தூரதேசத்துத் திருடன் எவனும் மாமி புடைவைகளை விலக்கிவிட்டு அந்த டைரியைப் புரட்டப் போவதில்லை. வங்கிக்கும் மின்வாரியத்துக்கும் சமையல்வாயுவுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் தளத்துக்கும் அந்த ஒரே முருகன் காவல் நிற்கிறானே, குறை அங்கேதான் இருக்கிறது. ஜாதகக்காரன் ஏமாந்த அன்று வங்கியும் திறந்துகொள்ளும்.

மறைவுச் சாளரம் என்று உலாவியில் ஒன்று உண்டு. பார்த்த பக்கங்களின் ஜாபிதாவை அந்தக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளாது. மற்றபடி, போய்ப் பார்த்த தளத்துக்கும் இணைய இணைப்புக் கொடுத்தவனுக்கும் நாம் வந்துபோனது தெரிந்தே இருக்கும். இந்த விஷயத்தில் ஜனங்களை மயங்க விட்டதாக கூகுள்மேல் 2020-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டு, 2024-இல் ஏராளமான பதிவுகளை அழித்துவிடுவதாக அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. மாமாவோ அதைத் திறந்ததும் மாயாவியாகிவிட்டதாகவே நம்பி, உள்ளே போன கையோடு தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து ஜிமெயிலைத் திறந்து, "இனி நான் யாரென்று எவனுக்கும் தெரியாது" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்வார்.

இத்தனை கோட்டை கொத்தளங்களையும் எழுப்பி வைத்துக்கொண்டு, வாசலில் வந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சாவியை எடுத்து நீட்டுகிறாரே, இது அசட்டுத்தனம் அல்லவா என்று கேட்கலாம். அல்ல என்பதே என் அபிப்பிராயம், அது மரியாதை. எழும்பூரில் ரயில் ஏறிச் செங்கற்பட்டுத் தாண்டுவதற்குள் எதிர் ஆசனத்துக்காரரின் சொந்த ஊர், சம்பளம், சர்க்கரை அளவு, வரன் தேடும் மகளின் நட்சத்திரம் ஆகிய யாவற்றையும் விசாரித்து அறிந்து, தம்முடையவற்றையும் வட்டியோடு ஒப்புவிக்கும் நாகரிகத்தில் வளர்ந்தவர் அவர். கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமலிருப்பதை அகம்பாவம் என்று கற்பித்த வீட்டில் பிறந்தவருக்கு, திருட வருகிறவன்தான் பகைவனே தவிர, பணிவாகக் கேட்கிறவன் பகைவனாக முடியாது. அதிலும், ஆபீஸ் கோப்புகள் கைவிட்டுப் போனபின் அவரை ஒரு பொருட்டாக மதித்து விவரம் கேட்பவர்கள் அருகிப்போய்விட்டார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்த புட்டசாமி வழக்கை மாமா தேதி தவறாமல் ஒப்பிப்பார். ஜவுளிக்கடைக் கல்லாவில் அதை ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே, "நம்பர் சொல்லுங்க சார்" என்று பில் போடும் பெண் கேட்டுவிட்டால், வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் சௌகரியமாகக் கேட்கும்படி பத்து இலக்கங்களையும் இரண்டு தரம் சொல்லி, கேளாமலே பிறந்த தேதியையும் சேர்த்து அளிப்பார். ஆதாரின் முழு எண்ணைக் காட்டாமல், கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் காட்டும் முகமூடிப் பிரதி ஒன்று உண்டென்பதைத் தெருவுக்கு உபதேசித்தவரும் அவரே. அந்தப் பிரதியை எடுக்கப் போன இடத்தில், ஜெராக்ஸ் கடைப் பையனிடம் பன்னிரண்டு இலக்கங்களையும் வாய்விட்டுச் சொல்லி, ஃபோனில் வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டி, பிரதி அச்சாகி வந்ததும் நான்கே இலக்கங்கள் தெரிவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து ஆனந்தமடைந்தார். கோப்பு இன்னும் அந்தக் கடைக் கணினியில்தான் இருக்கிறது.

மாமியின் ஆசாரம் வேறு. தெரியாத எண்ணிலிருந்து வரும் ஃபோனை அவர் எடுப்பதில்லை. கடையில் நம்பர் கேட்டால், கைப்பைக்குள் ஃபோன் மணியடித்துக்கொண்டிருக்கும்போதே, "எங்கிட்ட ஃபோனெல்லாம் இல்லைப்பா" என்று சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிடுவார். குழுச் செய்தி ஒன்றுகூட அவர் அனுப்பியதில்லை.

சென்ற மாதம் மாமாவுக்கு அந்தப் புகழ்பெற்ற அழைப்பு வந்தது. வீடியோவில் போலீஸ் உடுப்போடு ஒருவன் தோன்றி, மும்பையில் அவர் பெயருக்கு வந்த பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருப்பதாகவும், அவரை டிஜிட்டல் முறையில் கைது செய்திருப்பதாகவும் அறிவித்தான். அப்படியொரு கைது நம் சட்டத்தில் எங்குமே இல்லை என்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலியில் பேசியதை மாமா அனைவருக்கும் அனுப்பியவர்தான். ஆயினும் எதிராளி பெயர் கேட்டான், வயது கேட்டான், பணியாற்றிய இலாகாவைக் கேட்டான். நீண்ட நாளைக்குப் பிறகு ஒருவன் சிரத்தையோடு கேட்கிறானே என்று மாமாவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதலாகத் தொடங்கி, மாற்றலாகிப் போன ஊர்கள், தமக்கு நியாயமாக வரவேண்டியிருந்து வராமற்போன பதவி உயர்வு, அதற்கு அவர் எழுதிய மனுக்கள் என்று விஸ்தாரமாகப் போய்க்கொண்டிருந்தார். "வங்கி இருப்பு எவ்வளவு?" என்று அவன் இடைமறிக்கும்போதெல்லாம், "அதற்குத்தான் வருகிறேன்" என்று மற்றொரு ஊருக்கு மாற்றலானார். கடைசியில் ஒரு வழியாக இருப்புக்கு வந்து சேர்ந்த சமயத்தில் மாமி ஃபோனை வாங்கி, "தம்பி, அவர் சாப்பிடற நேரம், வையுங்கோ" என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் மாமாவுக்குப் பொறி தட்டியது. உடனே, சைபர் குற்றங்களைத் தெரிவிப்பதற்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் 1930 என்ற எண்ணுக்கு முறைப்படி அழைத்து, நடந்ததைப் புகாராகச் சொல்ல ஆரம்பித்தார். மறுமுனையில் இருந்த போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க ஐயா, உங்க பேர், விலாசம் சொல்லுங்க" என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முகம் தெரியாத ஆளிடம் அதையெல்லாம் ஃபோனில் சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே ஐயா விளம்பரம் செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை வைத்தார்.