கேளுங்கோ, சொல்லுறன்

'ஊனமுற்றோர்', 'வலுவிழந்தோர்', 'மாற்றுத்திறனாளி', 'விசேட தேவையுடையோர்' – எது சரி? (கொக்குவில்)
பெயர்ப்பலகையில் எதையும் எழுதலாம். பலகை தொங்கும் அலுவலகம் மேல்மாடியில் இருந்தால் நாலுமே பிழை.

கால் போவது முற்பிறப்பு வினைதானே? (மானிப்பாய்)
மிதிவெடியைப் புதைத்தவை இந்தப் பிறப்பில்தானே புதைத்தவை! வினைக் கணக்கை அவையிட்ட இருந்து தொடங்குங்கோ.

செயற்கைக் காலோடு நல்லூர்க் கோயிலுக்கு வெறுங்காலில் போகலாமோ? (சுன்னாகம்)
தாராளமாய். மேல்நாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துக்கென்று செய்தது. எங்கட சனமோ சப்பாத்தை வாசலில் கழற்றுற சனம். அதற்காகவே இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மாவும் டொக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து, 1968 அளவில், இறப்பர் பாதம் வைத்த கால் ஒன்று செய்தினம். வெறுங்காலில் நடக்கலாம், குந்தலாம், வயல் சேற்றிலும் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர் நிலையம் இருக்குது. முருகன் பாதத்தைப் பார்க்கிறதில்லை. பார்க்கிறது பக்கத்தில் நிற்கிற ஆக்கள்தான்.

சக்கர நாற்காலி ஏற வழியில்லாத கட்டடத்தைக் கேட்கச் சட்டம் இல்லையோ? (சாவகச்சேரி)
ஏன் இல்லை? 1996இல் சட்டம் வந்தது. 2006இல் அணுகு வசதி விதிகள் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிப்படியே இருக்க வேணும் என்று 2009இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. படிகள்தான் இன்னும் பேப்பர் பார்க்கவில்லை.

மகளைப் பெண் பார்க்க வருகினம். நடக்க ஏலாத தம்பியை அன்றைக்கு மட்டும் அயல்வீட்டில் விடட்டோ? (கோண்டாவில்)
மாப்பிள்ளை பகுதி ஆரை ஒளித்துவிட்டு வருகினம் என்று கேட்டனீங்களோ? தம்பியை விறாந்தையில் நடுவில் இருத்துங்கோ. அவரைக் கண்டு எழும்புகிறவை, தாலி கட்டின பிறகு எழும்புறதைவிடத் தேத்தண்ணியோடு எழும்புறது மலிவு.

விழிப்புலனற்றவர் பாராளுமன்றம் போய் என்னத்தைப் பார்ப்பார்? (பருத்தித்துறை)
சுகத் வசந்த டி சில்வா 2024இல் போய்விட்டார். அதுக்கு முதல் போன கண் தெரிந்தவை என்னத்தைப் பார்த்தவை என்று சொல்லுங்கோவன்.

பேரனின் பிறந்தநாளுக்குக் விசேட தேவையுள்ள பிள்ளைகள் படிக்கிற கைதடி நவீல்ட் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க, கனடாவிலிருந்து மகன் காசு அனுப்பினவன். படமும் கேட்கிறான். (கரவெட்டி)
சாப்பாட்டைக் கொடுங்கோ, கமெராவை வீட்டில் வையுங்கோ. உங்கட பேரன் கேக் சாப்பிடுகிற படத்தை ஆரும் 'உதவி' என்று போட்டால் விடுவியளோ? மகனிட்ட இன்னொன்றும் சொல்லுங்கோ: அங்கே படித்து முடித்த ஒரு பிள்ளைக்கு வேலை எடுத்துக் கொடுக்கட்டும். பிறந்தநாள் வருசத்தில் ஒருக்கால்தான். பசி மூன்று நேரமும் வரும்.