பதினைந்து கிலோவில் ஒரு கடல்: ஸ்கூபா மூட்டை கட்டுமியல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். ஆய்வுப் பொருள்: ஒரு பெட்டி. ஆய்வின் எல்லை: 15 கிலோ. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக அவ்வளவுதான், கைப்பைக்கு 7.

1943இல் கூஸ்தோவும் கன்யானும் பிரான்சில் அக்வாலங் என்னும் நீரடி மூச்சுக் கருவியை உருவாக்கித் தந்தனர். அதைப் பெட்டிக்குள் வைப்பது எப்படி என்பதைப் பின்வந்தோர் தலையில் கட்டினர்.

முதற்கண் விலக்கத்தக்கன சிலிண்டரும் ஈயக்கட்டியும். போன இடத்தில் கிடைக்கும். அடுத்தது வெட்சூட். இங்கேதான் சிக்கல். அந்த உடையின் நியோப்ரீன் முழுக்க நுண்ணிய வாயுக் குமிழிகள், கடலில் மிதக்கும். ஆளை அமிழ்த்த இடுப்பில் ஈயம் கட்டுகிறார்கள். ஆக, விமான நிலையத்தில் எடை கூடிற்றென்று பணம் கட்டவைத்த அதே உடைக்கு, மறுநாள் எடை போதவில்லையென்று ஈயம் கட்ட நேர்கிறது. ஆர்க்கிமிடீஸ் செக்-இன் கவுண்டரில் நின்றவரல்லர் என்பது இதனால் பெறப்படும்.

ரெகுலேட்டர் விஷயத்தில் அறிஞருள் வடகலை தென்கலைப் பூசல் உண்டு. கைப்பையே கதி என்பார் ஒரு சாரார். துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாம் என்பார் மறு சாரார். யாம் முன்னவர் கட்சி. என்னை? பெட்டிகள் வண்டியில் வந்து விழும் வேகத்தை ஜன்னல் வழியே கண்டவர், மூச்சுக் கருவியை அதற்குள் வைக்கத் துணியார். ஆயினும் இக்கட்சிக்கும் இடர் உண்டு. உதிரி வாய்க்கருவிக்கு ஆக்டோபஸ் என்றே பெயர். எக்ஸ்ரே திரையிலும் மொத்தமும் அப்படித்தான் தெரியும்.

“என்ன சார் இது?”

“தண்ணிக்குள்ள மூச்சு விடறதுக்கு.”

“அது இங்க எதுக்கு?”

இக்கேள்விக்கு ஆய்வுலகம் இன்னும் விடை காணவில்லை.

கத்தி பெட்டியில், டார்ச்சின் உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில். மாற்றி வைப்பவர் இரண்டு இடத்தில் பதில் சொல்ல வேண்டிவரும். ஃபின்ஸின் பாதக்குழியோ கிடைத்தற்கரிய நிலம். இடக்குழியில் சாக்ஸ், வலக்குழியில் சுருட்டிய பனியன், அதன் நடுவே சார்ஜர். நேராக வைத்தால் இடிக்கும் ஃபின்ஸ், மூலைக்கு மூலை சாய்த்தால் அடங்கும். பித்தாகரஸைப் படித்தது வீண்போகவில்லை.

திரும்பும் பயணம் தனி இயல். பல முறை மூழ்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறட்டும் என்பதற்காக. நைட்ரஜன் சொன்னபடி கேட்கும். வெட்சூட் கேட்காது, அந்தமான் ஈரக்காற்றில் அதன் அக்குள் கடைசியாகத்தான் காயும்.

ஆதலால் கடைசி நாள் மூழ்காதீர்கள். காற்றடைத்து மிதக்க உதவும் ஜாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து, குழாயின் பொத்தானை அழுத்தி, உள்ளே தேங்கிய உப்புநீரை முழுக்க வடித்துவிடுங்கள். அந்தமான் கடலுக்கெல்லாம் நீங்கள் எக்ஸஸ் லக்கேஜ் கட்ட வேண்டியதில்லை.