ஒரு வருஷம் விட்டுவையுங்கள்

திருவண்ணாமலையில் புருஷன் பெண்சாதி சண்டைக்கென்றே ஒரு தெரு உண்டு. பெயர் திருவூடல் தெரு. மாட்டுப் பொங்கலன்று அங்கேதான் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல் நடக்கும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு மகன் இருக்கும் குமரக் கோயிலில் தங்கி, மறுநாள் கிரிவலம் போய்வந்த பிறகுதான் சமாதானம். நடுவில் தூது போகிறவர் சுந்தரர். தனக்காகச் சிவனைப் பரவையாரிடம் தூது அனுப்பியவர் அல்லவா, கடனை அடைக்கிறார். டேனிஷ் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவனான எனக்கும் இந்த ஏற்பாட்டின்மேல் ஒரு கண் உண்டு. எங்கள் சபைத் தம்பதிகளுக்குச் சண்டை போடத்தான் தெரு கிடையாது. தூது போகச் சபையே தயாராக இருக்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதே ஒரு சாகசம். லெந்து என்னும் தவக்கால நாட்களில் வைப்பதில்லை. மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில் முடிக்க வேண்டும். இதற்கு மேல் எங்கள் ஊருக்கென்று ஒரு விதி: பவுர்ணமி கூடாது. சகுனம் ஒன்றுமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும்போது வேலூரிலிருந்து வரும் மாப்பிள்ளை கார் ஊருக்குள் நுழையாது, அவ்வளவுதான். ஆடியில் மண்டபம் காலியாகக் கிடக்கும். ஆனால் பெரியம்மாக்கள் விடமாட்டார்கள். "நமக்கு ஆடியெல்லாம் ஒண்ணுமில்லதான்... எதுக்கும் ஆவணியில வெச்சிக்கலாமே!"

கல்யாணம் முடிந்ததும் உபத்திரவம் பரிசுப்பொருள் வடிவில் ஆரம்பிக்கும். யோசுவா 24:15 பொறித்த சுவர்ப் பலகை ஒரு தம்பதிக்கு ஐந்து வந்து சேர்ந்தது. வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை. குளியலறைக் கதவு நீங்கலாக எல்லாப் பக்கமும் அந்த வீட்டார் கர்த்தரைச் சேவிக்கிறார்கள்.

அடுத்தது புத்திமதி. "ஆபிரகாமும் சாராளும் மாதிரி இருக்கணும்" என்று ஒரு பெரியவர் வாழ்த்தினார். என் மனைவி என் காதில், "சாராளுக்கு 90 வயசுலதான் குழந்தை. இது வாழ்த்தா, சாபமா?" என்றாள். ரெபேக்காளைச் சொல்லலாமா என்றால், பார்வை மங்கிய புருஷனை ஆட்டுக்கறி சமைத்து ஏமாற்றிய அம்மாள் அவர். யாக்கோபோ, ராகேலைக் கட்டிய நினைப்பில் படுத்து, விடிந்து பார்த்தால் லேயாள். உதாரணத் தம்பதிகளைத் தேடுகிறவர்கள் வேதத்தைக் கொஞ்சம் கவனமாகத்தான் புரட்ட வேண்டும்.

ஆனால் உபாகமம் 24:5-ஐ மட்டும் யாரும் புரட்டுவதில்லை. புதிதாகப் பெண் கட்டியவனை யுத்தத்துக்கு அனுப்பக்கூடாது, அவன்மேல் எந்த வேலையும் சுமத்தக்கூடாது, ஒரு வருஷம் வீட்டிலிருந்து பெண்சாதியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். சம்பளத்தோடா என்று சொல்லவில்லை. ஆனாலும் இதைவிட நல்ல விடுப்பு விதி எந்த அரசாங்கத்திலும் இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம்? மறுவீடு முடிந்து வந்த ஞாயிறே மாப்பிள்ளை வாலிபர் ஐக்கியச் செயலாளர், பெண்ணுக்கு ஞாயிறு பள்ளி. அவளுக்குச் சுமாராகப் பாடவும் வந்தால் தீர்ந்தது, பாடகர் குழுப் பயிற்சியில் சனிக்கிழமையும் போச்சு.

பரிசு விஷயத்துக்கு, சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லுத்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1525-இல் 41 வயதுத் துறவி, மடத்திலிருந்து தப்பிவந்த 26 வயது காத்தரீனாவைக் கட்டிக்கொண்டார். அவர் யாரோடு மல்லுக்கட்டினாரோ அந்த மைன்ஸ் பேராயரே 20 கில்டர் நாணயம் மொய் அனுப்பினார். திருப்பி அனுப்பு என்றார் லுத்தர். காத்தரீனா வாங்கி வைத்துக்கொண்டார். சபையைச் சீர்திருத்தியவருக்குத் தெரியாதது குடித்தனம் நடத்த வந்தவருக்குத் தெரிந்திருந்தது.

கானாவூர் கல்யாணத்தைப் பாருங்கள். இயேசு அங்கே மணமக்களுக்குப் புத்திமதி சொன்னதாக யோவான் எழுதவில்லை. திராட்சரசம் தீர்ந்தது, ஆறு கற்சாடித் தண்ணீரை ரசமாக்கினார். விஷயம் தண்ணீர் மொண்ட வேலைக்காரர்களுக்குத் தெரியும். அது தெரியாத பந்தி விசாரிப்புக்காரன் பாராட்டியது மணவாளனை! ஒருவருக்கு உதவி செய்து, பெயரையும் அவருக்கே விட்டுவிடுவது பெரிய அற்புதம்.

என் மனைவிக்கு இந்தக் கலை கைவந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் புதுப்பெண் முதல்முறையாக மாமியார் வரும் நாளில் சாம்பாரை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். முருங்கைக்காய் கரியாகிக் கிடக்கிறது, கூடத்தில் மாமியார் செருப்பைக் கழற்றுகிற சத்தம். பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுத் தூக்கு ஒன்று உள்ளே போனது. "குழம்பு நல்லா இருக்கேம்மா, எங்க கத்துக்கிட்ட?" என்று மாமியார் கேட்டபோது, "சும்மா வெச்சேன் அத்தை" என்றாள் அந்தப் பெண். அடக்கிவைத்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. அன்று சாயங்காலம் மாடியில் என் மனைவியும் அவளும் சிரித்த சிரிப்பைக் கேட்டேன். எந்த ஜெபக்கூட்டத்திலும் அப்படியொரு துதியை நான் கேட்டதில்லை. விசுவாசம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று யாரோ நமக்குத் தவறாகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, இந்த ஆவணியில் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பலகை வேண்டாம், கவரில் பணம் வையுங்கள். "விசேஷம் உண்டா?" என்று ஒரு வருஷத்துக்குக் கேட்காதீர்கள். பதவி கொடுக்காதீர்கள். தூக்கில் சாம்பார் கொண்டுபோகிறவர்கள் பின்வாசலில் போங்கள். ஜெபிக்கப் போகிறவர்கள் நீண்ட ஜெபத்தை உங்கள் வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். கர்த்தருக்கு அங்கிருந்தும் கேட்கும்.